மக்ரூன் டப்பாவுக்குள் மாத்திரை

3 ஜூன் 2025

ஏளா மாரி,

கடிதம் உன் தோழி ஜெஸ்மி வீட்டு விலாசத்துக்கு வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே. நம் வீட்டுக்கு எழுதினால் அம்மாதான் முதலில் பிரிப்பாள், அதனால்தான்.

அப்பா பேக்கரியிலிருந்து அனுப்பிய மக்ரூன் பார்சல் வந்து சேர்ந்தது. இரண்டு டப்பா. முதல் டப்பாவைப் பிரித்ததுமே பதினோரு பேர் பாய்ந்துவிட்டார்கள். நமத்துப்போய், எறும்பும் ஏறியிருந்தது. அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? எறும்பை ஊதி ஊதித் தின்றார்கள். "பெருமாள், உங்க ஊர்ல இதைத் தின்னுட்டு எப்படிடா வேற வேலை பாக்குறீங்க?" என்று மதுரைக்காரன் ஒருத்தன் கேட்டான்.

இரண்டாவது டப்பாவை எனக்கென்று பதுக்கி வைத்து இன்றைக்குத்தான் திறந்தேன். மேலே ஒரே ஒரு வரிசை மக்ரூன். அதன் கீழே பட்டர் பேப்பர். அதற்கும் கீழே ஒரு வெள்ளை பாட்டில், லேபிளை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். உள்ளே குட்டிக்குட்டியாக வெள்ளை மாத்திரை. பார்த்ததுமே தைராய்டு மாத்திரை என்று தெரிந்துவிட்டது. யாருக்கு? அம்மாவுக்கா, உனக்கா? எத்தனை நாளாக? என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை?

போனில் கேட்கலாம் என்றால் இந்தப் பனிமலையில் டவர் கிடையாது. மாதம் ஒரு தடவை கிடைக்கிற மூன்று நிமிடத்திலும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். உடனே பதில் எழுது.

பெருமாள்

—

மாப்பிள்ளையூரணி
12 ஜூன் 2025

அண்ணே,

அட கடவுளே, அங்கேயா போயிருக்கிறது அந்த பாட்டில்! நான்கு நாள் வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினோம். கடைசியில் அம்மா, "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்ளா" என்று முடிவு கட்டினாள். "தைராய்டு வந்த எலியாம்மா?" என்று கேட்டதற்குக் கரண்டி பறந்து வந்தது.

மாத்திரை எனக்குத்தான். நீ பட்டாளத்துக்குப் போன மறு வருஷம், பிளஸ் டூ படிக்கும்போது, வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவேன். சோம்பேறி என்று எல்லாரும் திட்டினார்கள். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர், கழுத்தில் இருக்கும் சுரப்பி சரியாகச் சுரக்கவில்லை, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க என்றார். அம்மா திரும்பி வரும் பஸ்ஸிலேயே லேபிளைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். "கழுத்து வியாதின்னு ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா போதும், ஒருத்தனும் நம்ம வாசல மிதிக்க மாட்டான்" என்றாள்.

பேக்கரிக்காரன் வீட்டில் மக்ரூன் டப்பாவை எவன் திறப்பான்? நாம்தான் அதை வருஷக்கணக்கில் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே. அதனால் அதற்குள் ஒளித்து வைத்தாள். உனக்குப் பார்சல் கட்டும்போது கடை டப்பா ஒன்று குறைந்ததால், அப்பா சமையலறையில் இருந்ததைத் தூக்கிக் கட்டிவிட்டார். நடந்தது இவ்வளவுதான்.

இப்போது நல்ல செய்தி. ராணுவ போலீஸ் பெண்கள் தேர்வில் எழுத்துத் தேர்வு பாஸ். ஓட்டத்திலும் பாஸ்! ஆயிரத்து அறுநூறு மீட்டர். தருவை மைதானத்தில் ஆறு மாதம் ஓடியது வீண் போகவில்லை. ஜெஸ்மி எனக்கு நான்கு விநாடி பின்னால்தான் வந்தாள். ஜூலை 22 மெடிக்கல், பெங்களூரில். மாத்திரை விஷயத்தை அங்கே நான் சொல்லப் போவதில்லை. ஜெஸ்மி விசாரித்துவிட்டாள், தைராய்டுக்கென்று தனியாக ரத்தம் எடுப்பதில்லையாம். "தொடர்ந்து சாப்பிடும் மருந்து ஏதும் உண்டா?" என்று ஃபாரத்தில் ஒரு கட்டம் மட்டும் இருக்கிறதாம். அதில் இல்லை என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

இனி நான் கேட்கிறேன். லேபிளே இல்லாத பாட்டிலைப் பார்த்ததும் அது தைராய்டு மாத்திரை என்று உனக்கு எப்படித் தெரிந்தது? பனிமலையில் எறும்பு இருக்கிறதா என்ன?

மாரி

—

21 ஜூன் 2025

ஏளா மாரி,

பாட்டிலை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஓட்டத்தில் பாஸ் என்றதும் தலைகால் புரியவில்லை. ஐந்தாம் வகுப்பில் சாக்கு ஓட்டத்தில் விழுந்து அழுத மாரியா இது என்று நினைத்தேன். ஆனால் கட்டத்தில் பொய் எழுதுவேன் என்று நீ சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. எழுதக் கூடாது. பட்டாளம் என்பது பெண் பார்க்கும் படலம் இல்லை, லேபிளைச் சுரண்டிவிட்டு உட்கார. ட்ரெயினிங்கில் உன் பெட்டியை நடுக்கூடத்தில் கொட்டிச் சோதிப்பார்கள். அப்போது பாட்டிலை எங்கே வைப்பாய்? மாத்திரை இல்லாமல் எத்தனை நாள் ஓடுவாய்? உண்மையை எழுது. கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் போகட்டும்.

இங்கே ஒரு நர்சிங் அசிஸ்டென்ட் இருக்கிறார், மாத்திரையை அவர்தான் பார்த்துச் சொன்னார். எறும்பு டப்பாவோடு ஊரிலிருந்தே வந்திருக்கும். வீணாகத் துருவாதே.

பெருமாள்

—

30 ஜூன் 2025

அண்ணே,

வீணாகத் துருவாதே என்று எழுதினாய் பார், அப்போதுதான் எனக்குத் துருவ வேண்டும் என்றே தோன்றியது.

முதலில் எறும்பு. நான் ஒரு சோதனை செய்தேன். நான்கு எறும்பைப் பிடித்து மக்ரூனோடு டப்பாவில் போட்டு மூடி, நம் ஃப்ரீசரில் வைத்தேன். மறுநாள் நான்கும் செத்துக் கிடந்தன. அதில் கிடந்த மக்ரூனோ மொறுமொறு என்று இருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "ஈரக்காத்து பட்டாத்தாம்ளா மக்ரூன் நமத்துப் போவும். குளிர்ல கெடந்தா ஒண்ணும் ஆகாது" என்றார். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் எந்தக் காற்றில் என்ன ஆகும் என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நீயும் தெரிந்துகொள்ளாமலா அந்தக் கடையில் வளர்ந்தாய்?

இரண்டாவது, உன் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு கொசு. நசுங்கி, ரத்தத்தோடு ஒட்டியிருக்கிறது. பனிமலைக் கொசு எவ்வளவு பெரிது என்று ஜெஸ்மிக்குக்கூடக் காட்டினேன்.

மூன்றாவதுதான் முக்கியம். நூறு மாத்திரை பாட்டில் அது. பார்சல் போகும் நாள் வரை நான் போட்டது இருபது. மிச்சம் எண்பது இருக்க வேண்டும். திரும்பி வந்தது எழுபத்திரண்டு. மூன்று தடவை எண்ணிவிட்டேன். அந்த எட்டு மாத்திரை எங்கே அண்ணே? நர்சிங் அசிஸ்டென்ட் ருசி பார்த்தாரா?

முதல் கடிதத்தில் "பார்த்ததுமே தெரிந்துவிட்டது" என்று எழுதினாய். அடுத்ததில் "அவர்தான் பார்த்துச் சொன்னார்". எது நிஜம்?

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது தினமும் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, ஷூவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாய். நடக்கப் போகிறாய் என்று நினைத்தோம். நீ நடந்து நான் பார்க்கவே இல்லை. ஷூவுக்குள் என்ன ஒளித்து வைத்திருந்தாய்?

நீ எங்கே இருக்கிறாய்? உனக்கு என்ன? சொல்லாவிட்டால் இந்தக் கொசுவை அம்மாவிடம் காட்டுவேன்.

மாரி

—

9 ஜூலை 2025

மாரி,

கொசுவைக் காட்டாதே. சொல்கிறேன்.

நான் அஸ்ஸாமில் இருக்கிறேன். ரேஷன் கிடங்கில் அரிசி, பருப்பு, எண்ணெய் டின் எண்ணி இறக்குவதுதான் வேலை. டவர் நன்றாகவே கிடைக்கிறது. இங்கே வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பட்டாளத் தபால் விலாசத்தில் ஊர்ப் பெயர் இருக்காது, அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் வாட்ஸப்பில் எல்லாருக்கும் அனுப்புகிற பனிப் படம் பழையது.

மேலே பனிமலையில் இருந்த குளிர்காலத்தில் எனக்குக் காரணமில்லாமல் அசதி. குளிர் எலும்புக்குள் இறங்கியது. எல்லாருக்கும் குளிர்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் காவல் டூட்டியில், துப்பாக்கியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். காவலில் தூங்குவது என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கூட்டாளி பெனிஸ்டன், மணப்பாட்டுக்காரன், வெளியே சொல்லவில்லை. "ஏலே, நீ போய்ப் படு, நான் பாத்துக்கிடுதேன்" என்று என் காவலையும் சேர்த்து நின்றான். ஒரு நாள் இல்லை, ஒன்பது நாள். பத்தாம் நாள் அவன் பூட்ஸைக் கழற்றியபோது வலது காலில் இரண்டு விரல் கறுத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்துவிட்டார்கள்.

பிறகுதான் எனக்கு ரத்தப் பரிசோதனை. தைராய்டு. உன்னுடைய அதே மாத்திரை, உனக்கு ஐம்பது மைக்ரோகிராம், எனக்கு நூறு. பார்சல் வந்த வாரம் இங்கே ஸ்டாக் வரத் தாமதமாகிவிட்டது. தினம் இரண்டு வீதம் நான்கு நாள் உன்னுடையதைப் போட்டேன். அதுதான் நீ எண்ணிய எட்டு. பட்டாளம் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, மெடிக்கல் கேட்டகரியை இறக்கிக் கீழே அனுப்பியது. அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? "எம் மவன் பனிமலையில நிக்கான்" என்று கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் சொல்கிறவளிடம் போய், உன் மகன் பருப்பு எண்ணுகிறான் என்றா சொல்ல? வெட்கமாக இருந்தது மாரி. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பெனிஸ்டனைப் போய்ப் பார்த்தேன். "கடல்ல நீந்த எட்டு வெரலு போதும்ல" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு வியாதி இருப்பது எனக்கே தெரியாது, அதற்கே இப்படி. உனக்குத் தெரியும். தெரிந்தே மறைத்தால் உனக்காக யார் நிற்பார்கள் என்று யோசித்துப் பார்.

பெருமாள்

—

17 ஜூலை 2025

அண்ணே,

இரண்டு நாளாக உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. இவ்வளவு பெரிய யோக்கியன் போல எனக்கு உபதேசம் செய்தாயே, நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? பட்டாளத்துக்கு எல்லாம் தெரியும், வீட்டுக்கு ஒன்றும் தெரியாது. என் கதை தலைகீழ். வீட்டுக்குத் தெரியும், பட்டாளத்துக்குத் தெரியாது. நம் இரண்டு பேருக்கும் இடையில் அந்த டப்பாதான் ஒரே யோக்கியமான பொருள்.

இந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியாது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் தலை குனிந்து காப்பி நீட்டாமல், நானாக நடந்துபோய் வாங்கிய ஒரே இடம் இது. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் காலும் பூட்ஸும் தெரிகிறது. உன்னால்தான்.

சரி, ஒப்பந்தம். 22ஆம் தேதி நான் கட்டத்தில் மாத்திரையின் பெயரை எழுதுகிறேன். அதே நாள் நீ அம்மாவுக்கு எழுது, நம் வீட்டு விலாசத்துக்கு. இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், அதற்குள் உனக்குக் கிடைத்துவிடும். பதில் போடாதே, நான் கிளம்புவதற்குள் வந்து சேராது. போன் பண்ணினாலும் எடுக்க மாட்டேன். நீ செய்வாய் என்று நம்பிப் போகிறேன்.

மாரி

—

26 ஜூலை 2025

அண்ணே,

எழுதினேன். தேர்வாகவில்லை.

ஃபாரத்தை வாங்கிப் பார்த்த டாக்டரம்மா, ஒரு மேஜர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். இதை யார் எழுதச் சொன்னது என்று இங்கிலீஷில் கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். இவ்வளவு நன்றாக ஓடியிருக்கிறாயே என்று என் நேரத்தை இரண்டு தடவை பார்த்தார். அப்புறம்தான் "அன்ஃபிட்" என்று எழுதினார். மேல்முறையீடு செய்யலாமாம். ஆனால் நீ தினமும் மாத்திரை சாப்பிடுகிறவள் என்பது அதில் மாறாது, வீண் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? வேலையில் இருக்கிற ஒருத்தருக்கு இதே வியாதி வந்தால் வைத்துக்கொள்கிறீர்கள், என்னை மட்டும் ஏன் வாசலிலேயே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். "அவர் உள்ளே வந்த பிறகு நோயாளி ஆனார், அவர் எங்கள் பொறுப்பு. நீ இன்னும் எங்கள் பொறுப்பு ஆகவில்லை" என்றார். நியாயமா அநியாயமா என்று ரயில் முழுக்க யோசித்தேன். தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

ஜெஸ்மிக்குக் கிடைத்துவிட்டது. என்னைவிட நான்கு விநாடி பின்னால் வந்தவளுக்கு. அவளைக் கட்டிப்பிடித்தேன், மனசார இல்லை.

வீட்டில் உயரம் போதவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன். நாலு நாளாகிவிட்டது, உன்னிடமிருந்து அம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. வழியில் இருக்கிறதா, எழுதவே இல்லையா? எழுதவில்லை என்றால் இனி எனக்கும் எழுதாதே.

மாரி

—

4 ஆகஸ்ட் 2025

மாரி,

22ஆம் தேதி எழுதினேன். கிழித்தேன். 24, 25, மறுபடி 30. நான்கையும் கிழித்துவிட்டேன். "அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம்" என்பதற்கு மேல் கை ஓடவில்லை. நீ எழுத மாட்டாய் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. நீ எழுதாவிட்டால் நானும் எழுத வேண்டியதில்லையே. அப்படிப்பட்டவன்தான் உன் அண்ணன்.

இன்றைக்கு உன் கடிதம் வந்தது. நின்றபடியே எழுதி, திரும்பப் படிக்காமல், இதற்கு முன்னாலேயே அம்மாவுக்குப் பெட்டியில் போட்டுவிட்டேன். பெனிஸ்டன் காலைப் பற்றியும் எழுதிவிட்டேன். இனி திரும்ப எடுக்க முடியாது.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. டாக்டரம்மா சொன்னது நியாயமா என்றால், எனக்கும் தெரியவில்லை. நீ என்னைவிட நல்ல சிப்பாய் என்பது மட்டும் தெரியும்.

பெருமாள்

—

மாப்பிள்ளையூரணி
14 ஆகஸ்ட் 2025

அண்ணே,

உன் கடிதம் திங்கள்கிழமை வந்தது. அம்மா வாசலில் நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"ஏளா, இவன் கொசுக்கடியில கெடக்கான். நான் மூணு கம்பளிச் சட்டையில்லா அனுப்பிருக்கேன்" என்றாள். முதலில் சொன்னது அதுதான். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். பெனிஸ்டன் விரல் போனதை நீ எழுதிய வரியைத் தொட்டுத் தொட்டு, "யாரு பெத்த புள்ளையோ" என்று நெடுநேரம் அழுதாள். மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மணப்பாடு போய் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

நீ செய்த ஒரே நல்ல காரியம், என் உயரக் கதை பொய் என்று அதில் எழுதிவிட்டது. "நீ மாத்திரை பேரை எழுதுனதாலயா போச்சு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் தலையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள்.

நேற்று ஜாதகக் கட்டோடு பிரேமா அத்தை வந்தார்கள். அம்மா காப்பியை வைத்துவிட்டு, பக்கத்திலேயே பாட்டிலையும் வைத்தாள். லேபிளோடு. "எம் மவளுக்குத் தைராய்டு. மவனுக்கும்தான். மாத்திரை போடுதாவ, நல்லா இருக்காவ. இதைச் சொல்லிட்டு அப்புறம் ஜாதகத்தை நீட்டுங்க மதினி" என்றாள். அத்தை காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் பத்து வருசமா அதேதான் மதினி போடுதேன்" என்றார்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் அத்தை என்று எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. குங்குமச் சிமிழுக்குப் பின்னாலாம்.

ஜெஸ்மி அடுத்த வாரம் கிளம்புகிறாள். பனிமய மாதா கோயிலில் எனக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். என் ஓட்ட ஷூவைக் கேட்டாள், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு. கொடுக்கவில்லை. அவள் கேட்ட மூன்றாம் நாள் மறுபடி மைதானத்துக்குப் போனேன். எதற்காக ஓடுகிறேன் என்று தெரியவில்லை, எனக்கு அது ஒரு பெரிய கேள்வியாகத்தான் இருக்கிறது. நேரம் மட்டும் குறைந்திருக்கிறது, ஒன்பது விநாடி.

இன்னும் கோபம் தீரவில்லை. ஆனாலும் எழுது, இனி நம் வீட்டு விலாசத்துக்கே.

இதோடு பார்சல் வருகிறது. மேலேயே உன் பெயர் எழுதி ஒரு பாட்டில் இருக்கும், ஸ்டாக் தாமதமானால் போட்டுக்கொள்ள என்று அம்மா தானே கடைக்குப் போய் வாங்கினாள். டப்பாவுக்குள் கையை விட்டுத் தேடாதே, அடி வரைக்கும் மக்ரூன் மட்டும்தான். உடனே தின்றுவிடு, அங்கன சீக்கிரம் நமத்துப் போகும்.

மாரி